ஹாரன் அடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பல வருடங்களுக்கு முன் என் வண்டியில் ஹாரன் திடீரென்று நின்றுபோனது. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். அதுவும் வாய் திறக்கவில்லை. புதுச் சரக்கே பழுதோ என்று அதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கி வந்தேன். மூன்றாவதும் ஊமை. அதற்கப்புறம்தான் ஹாரனில் வயர்களைச் சொருகும் கப்ளருக்குள் எட்டிப் பார்த்தேன். எர்த் வயரின் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வயர்) முனையில் செம்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, பச்சைப் பசேலென்று களிம்புதான் இருந்தது. ஒரு விரற்கடை அளவுக்கு வயரை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்வரை தோலை உரித்து, புது டெர்மினலை அழுத்திச் சொருகினேன். முதலில் கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய ஹாரனே கணீரென்று அடித்தது.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: ஹாரனுக்கு மின்சாரம் ஒழுங்காக வந்து, ஒழுங்காகத் திரும்பிப் போகிறதா என்று பார்க்காமல் ஹாரனைக் கழற்றுவதில்லை. ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், வயர், எர்த் என்று அந்தப் பாதையில்தான் பழுது பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. கீழே சொல்லும் வழிமுறை முழுக்க அந்தப் பாதையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்ப் பழுதை ஒரு மூலையில் மடக்குவதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஹாரனின் உலோகப் பெட்டிக்குள் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கிறது. அதற்கு எதிரே ஓர் இரும்புத் துண்டு, அந்த இரும்போடு பிணைந்த மெல்லிய எஃகுத் தகடு. அந்தத் தகடுதான் டயாஃப்ரம். காயிலுக்குப் போகும் மின்சாரம் ஒரு ஜோடி காண்டாக்ட் பாயிண்டைத் தாண்டித்தான் போக முடியும். பொத்தானை அழுத்தியதும் காயில் காந்தமாகி இரும்பை இழுக்கிறது, டயாஃப்ரம் உள்வாங்குகிறது. அப்படி உள்ளே வரும் இரும்பே பாயிண்டைத் தள்ளிப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் அறுந்தது, காந்தம் போனது, தகடு துள்ளிப் பழைய இடத்துக்கு வருகிறது. பாயிண்ட் மறுபடி ஒட்டுகிறது, மறுபடி இழுப்பு. தனக்குப் போகும் மின்சாரத்தைத் தானே அறுத்து அறுத்து ஓடும் இந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 400 முதல் 500 முறை நடக்கிறது. நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

இரட்டை ஹாரன் உள்ள கார்களில் ஒன்று கனத்த குரல், பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். மற்றது மெல்லிய குரல், 500 ஹெர்ட்ஸை ஒட்டி. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த நிறைந்த ஒலி வரும். இருசக்கர வண்டிகளில் வருகிற தட்டு ஹாரனில் டயாஃப்ரத்தின் மேல் இன்னொரு தட்டு இருக்கும். ஒவ்வொரு அடியிலும் அந்தத் தட்டு அதிர்ந்து 2000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலி எழுப்புவதால், குரல் கூராகப் பாயும். நத்தைக்கூடு போல் சுருண்ட குழல் உள்ள ஹாரனில் டயாஃப்ரத்தின் முன் இருக்கும் காற்று அந்தச் சுருளுக்குள் ஓடிப் பெருகி வெளியே வருவதால் குரல் சற்று உருண்டையாக இருக்கும்.

(அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் கண்டுபிடித்த கிளாக்ஸன் ஹாரன் வேறு ரகம். பல்சக்கரம் ஒன்று சுழன்று, டயாஃப்ரத்தின் நடுவில் உள்ள குமிழைத் தட்டிக்கொண்டே போகும். பழைய படங்களில் கேட்கும் "அஊகா" அதுதான்.)

பாயிண்ட் பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டித் தீப்பொறி உண்டாகிறது. அதை அடக்கப் பல ஹாரன்களில் பாயிண்டுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரோ கண்டென்சரோ வைத்திருப்பார்கள். இருந்தாலும் வருடக்கணக்கில் அந்த முனைகள் கருகித் தேயத்தான் செய்யும். ஹாரன் தன்னளவில் பழுதானது என்றால் முதல் காரணம் இதுதான்.

இனி வெளியே உள்ள பாதை. கார் ஹாரன் ஒன்று சுமார் 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும், இரண்டு என்றால் 10 ஆம்பியர் அளவுக்குப் போகும். அவ்வளவு மின்சாரத்தை ஸ்டீயரிங்கில் இருக்கும் மெல்லிய சுவிட்ச் தாங்காது. அதனால் நடுவில் ரிலே இருக்கிறது. நீங்கள் அழுத்தும் பொத்தான் ரிலேயின் காயிலுக்கு மட்டும் எர்த் கொடுக்கிறது, அதற்கு ஓர் ஆம்பியரில் சிறு பங்கு போதும். பெரிய மின்சாரத்தை ரிலே தன் சொந்தக் காண்டாக்ட் வழியாக ஹாரனுக்கு அனுப்பும். இருசக்கர வண்டி ஹாரன் சுமார் 1.5 முதல் 3 ஆம்பியர்தான் என்பதால் பல வண்டிகளில் ரிலேயே இருக்காது. ஹாரனின் ஒரு முனையில், சாவி போட்டதுமே 12 வோல்ட் வந்து நிற்கும், சுவிட்ச் மறுமுனைக்கு எர்த் கொடுக்கும். சில வண்டிகளில் இது தலைகீழ், சுவிட்ச் பாசிட்டிவைக் கொடுக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் எடுக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. இரண்டு முனைகளை நேராக இணைத்துப் பார்க்க, நடுவில் ஃபியூஸ் கோத்த ஒரு ஜம்பர் வயர். அதைவிட முக்கியமாக ஒரு டெஸ்ட் பல்ப்: இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்தால் போதும்.

மீட்டர் இருக்கும்போது பல்ப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பத்து இழையில் ஒன்பது அறுந்து, ஒற்றை இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. ஹாரனைச் சொருகி அழுத்திய கணத்தில் அந்த ஒற்றை இழை திணறி வோல்ட் படுத்துவிடும். 21 வாட் பல்ப் ஏறத்தாழ ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பாதையில் கோளாறு இருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். "மீட்டரில் வோல்ட் வருகிறது, ஆகவே ஹாரன்தான் போச்சு" என்று தூக்கிப் போடப்பட்ட நல்ல ஹாரன்கள் எத்தனையோ.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக் வயர்கள். அவற்றில் டெஸ்ட் பல்ப், மீட்டர் எதையும் வைக்கக் கூடாது. ஏர்பேக் கழற்றிப் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்டீயரிங் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே சரி. மற்ற சோதனைகள் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே செய்துவிடலாம். கண்ட்ரோல் யூனிட்டுக்கு (வண்டியின் கம்ப்யூட்டர்) போகும் சிக்னல் வயர்களிலும் டெஸ்ட் பல்ப் வேண்டாம், மீட்டர் மட்டும்.

பானட்டுக்கு அருகே நின்று ஹாரனைச் சோதிக்கும்போது காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தூரத்திலேயே 105 டெசிபலுக்குக் குறையாமல் கத்தும் கருவி இது. நீங்கள் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்பீர்கள்.

அறிகுறி: அழுத்தினால் சத்தமே இல்லை

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, ஸ்டார்ட்டும் ஒழுங்காக ஆனால் பேட்டரியை விட்டுவிட்டு ஃபியூஸுக்குப் போகலாம். ஃபியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். டெஸ்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, ஃபியூஸ் இடத்தில் இருக்கும்போதே அதன் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் மற்ற வயரை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போயிருக்கிறது. அது ஏன் போனது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஃபியூஸ் சரி என்றால், காரில் அடுத்த கேள்வி ஒன்றுதான்: பொத்தானை அழுத்தும்போது ரிலே "டிக்" என்கிறதா? ஒருவரை உள்ளே உட்காரவைத்து அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ரிலேயின் மேல் விரலை வைத்திருங்கள். காதில் கேட்காவிட்டாலும் விரலில் தெரியும். இந்த ஒரு டிக் முழுப் பாதையையும் இரண்டாக வெட்டிவிடுகிறது. டிக் வந்தால் பொத்தான், ஸ்டீயரிங், ரிலே காயில் எல்லாம் நலம், பழுது ரிலேக்கும் ஹாரனுக்கும் நடுவில். டிக் வராவிட்டால் பழுது ரிலேக்கும் பொத்தானுக்கும் நடுவில்.

டிக் வருகிறது, சத்தம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரிலேயைப் பிடுங்கி, அதன் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். வழக்கமான ரிலேயில் 85, 86 காயில் முனைகள். 30க்கு பேட்டரியிலிருந்து வரும், 87இலிருந்து ஹாரனுக்குப் போகும். சில வண்டிகளில் இதே நான்குக்கும் 1, 2, 3, 5 என்று எண் இருக்கும். எண்ணை நம்பாமல் படத்தை நம்புங்கள். இப்போது ரிலே இருந்த சாக்கெட்டில் 30க்கும் 87க்கும் ஜம்பர் வயரை ஒரு நொடி தொடுங்கள். ஹாரன் அடித்தால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கிறது, ரிலேயை மாற்றினால் முடிந்தது. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள ரிலே வேறு வேலைக்கு இருந்தால் இடம் மாற்றிப் போட்டும் உறுதி செய்துகொள்ளலாம்.

ஜம்பர் வைத்தும் அடிக்கவில்லையா, ரிலேயைத் திரும்பச் சொருகிவிட்டு ஹாரனுக்கே போங்கள். கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளுக்கும் டெஸ்ட் பல்பை வைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் வந்தும் ஹாரன் பேசவில்லை என்று பொருள். இங்கேதான், இங்கே மட்டும்தான், ஹாரனைச் சந்தேகிக்கலாம். எரியாவிட்டால், எர்த் பக்கம் வைத்த பல்ப் வயரை எடுத்து பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிகிறதா, எர்த் பழுது. இப்போதும் இல்லை என்றால் வரும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

ஒற்றை வயர் மட்டும் வரும் ஹாரனில் எர்த் அதன் பட்டையும் போல்ட்டும் வழியாகத்தான் போகிறது. பட்டை உடம்பில் உட்காரும் இடத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால் கதை முடிந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து முறுக்குங்கள்.

டிக்கும் வரவில்லை என்றால் ரிலேயைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டை மீட்டரால் பாருங்கள். 30இலும் 86இலும் 12 வோல்ட் இருக்க வேண்டும் (சில வண்டிகளில் சாவி போட்டால்தான் வரும்). 85க்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் பாருங்கள்: பொத்தானைத் தொடாதபோது திறந்திருக்க வேண்டும் (தொடர்பே காட்டக் கூடாது), அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வந்தால் ரிலே பழுது. வராவிட்டால் பொத்தான் அல்லது ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (சுருண்ட ரிப்பன் வயர், கீழே தனியாகச் சொல்கிறேன்). புதிய கார்கள் பலவற்றில் பொத்தானின் சிக்னல் முதலில் பாடி கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போய், அதுதான் ரிலேயை இயக்கும். அங்கே 85இல் இந்தச் சோதனை பொருந்தாது. ஸ்கேன் கருவியில் ஹாரன் சுவிட்சின் நிலை மாறுகிறதா என்று பார்ப்பதே நேர்வழி.

இருசக்கர வண்டியில்: சுவிட்சைப் பிரித்துப் பார்த்தல்

எர்த் கொடுக்கும் ரக வண்டி என்றால் ஒரு சுலபமான சோதனை உண்டு. சாவியைப் போட்டு, ஹாரனின் எந்த முனையில் 12 வோல்ட் நிற்கிறது என்று பல்பால் கண்டுபிடியுங்கள். அந்த முனையை விட்டுவிட்டு, மற்ற முனையிலிருந்து ஒரு வயரை எடுத்துச் சேஸிஸில் தொடுங்கள். அடித்தால் ஹாரன் நலம், சுவிட்ச் பக்கம் பழுது. முனையை மாற்றித் தொட்டுவிட்டால் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

இனி சுவிட்ச். கைப்பிடிக்குக் கீழே இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் சுவிட்ச் கூடு இரண்டு பாதியாகப் பிரியும். பிரிப்பதற்கு முன் அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். பொத்தானுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, துள்ளி விழுந்தால் தேடிக் கிடைக்காது. பொத்தானை எடுத்ததும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு தெரியும். அது தொடும் இடத்தில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று இருக்கிறதா? அதுதான் உங்கள் பழுது. தினம் நூறு முறை பொறி விழுந்து கருகிய இடம் அது. மெல்லிய உப்புத்தாளை மடித்து, கரும்புள்ளியில் மட்டும் நாலைந்து இழுப்பு. பித்தளை நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலே போனால் தகடே மெலிந்துபோகும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, தகட்டின் அடியில் வயர் ஈயப்பற்று வைத்த இடத்தைக் குச்சியால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல் ஒரு வளையம் தெரிந்தால் பற்று விட்டிருக்கிறது, மறுபடி பற்றவைக்க வேண்டும்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், பொத்தானை அழுத்திக்கொண்டே ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். நடுவில் எங்காவது "பீப்" என்று வந்து போனால் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு விட்டிருக்கும். விரலால் நீவிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் வயர் தளர்வாக, எலும்பில்லாதது போல் மடியும். அங்கேதான்.

அறிகுறி: தொண்டை கட்டிய குரல், சன்னமான சத்தம்

இதில் மூன்று கேள்விகள். முதலாவது, இரட்டை ஹாரன் வண்டியில் ஒன்று மட்டும் நின்றுவிட்டதா? சத்தம் குறைந்தது போல் இல்லாமல், குரலே மாறிவிட்டது போல் இருந்தால் அநேகமாக அதுதான். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் சத்தத்தில் மாற்றம் இல்லாத ஹாரன் முன்பே நின்றுபோனது.

இரண்டாவது, வோல்ட் போதுமா? ஹாரனைச் சொருகிய நிலையில், அடிக்கும்போதே அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட், மிஞ்சினால் ஒரு வோல்ட் குறைந்திருக்கலாம். பேட்டரியில் 12.5 இருந்து ஹாரனில் 10 தான் என்றால் இரண்டரை வோல்ட்டைப் பாதை தின்கிறது. எங்கே தின்கிறது என்று பார்க்க, அடிக்கும்போதே ஒரு முறை பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹாரன் பாசிட்டிவுக்கும் நடுவிலும், மறுமுறை ஹாரன் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் அளக்கவும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக் கப்ளர், டெர்மினல், எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். இருசக்கர வண்டியில் எஞ்சினை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, விட்டால் படுக்கிறது என்றால் ஹாரனையும் வயரையும் தொடவே வேண்டாம். பேட்டரி தளர்ந்துவிட்டது.

மூன்றாவது, ஹாரன் எதிலாவது இடிக்கிறதா? ஹாரன் அந்த மெல்லிய பட்டையில் சற்று வளைந்துகொடுத்து அதிர வேண்டும். உடம்பு பம்பரிலோ வேறு பிளாஸ்டிக்கிலோ ஒட்டிக்கொண்டிருந்தால், கையால் பொத்திய மணி போலக் குரல் செத்துவிடும். "கரகர"வென்று வந்தால் முன்தட்டு எங்கோ உரசுகிறது.

மூன்றும் சரி என்றால் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறியிருக்கிறது. அதைத் திருத்தத்தான் பின்புறம் ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள், சில ஹாரன்களில் அதன் தலையைப் பெயிண்டால் அடைத்திருப்பார்கள். தட்டின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு அது அல்ல. நடு நட்டு காயிலுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளிக்கானது, அதை அசைத்துவிட்டால் ஹாரனை மீட்பது கடினம். ஓரத்துச் சின்ன ஸ்க்ரூவைத்தான் திருப்ப வேண்டும்.

ஸ்க்ரூவின் தலைக்கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஹாரனைக் கையில் பிடித்தபடி அடிக்காமல், பட்டையோடு இறுக்கமான ஒன்றில் பொருத்துங்கள். கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு பக்கம் திருப்பி, ஒரு நொடி மட்டும் அடித்துக் கேளுங்கள். மோசமானால் பழைய இடத்துக்கு வந்து மறுபக்கம். குரல் கரகரப்பிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, ஓர் இடத்தில் சட்டென்று திறந்துகொள்ளும், காதுக்கே தெரியும். ஆம்பியர் மீட்டரைத் தொடரில் கோத்துக்கொண்டு செய்வது இன்னும் நல்லது. சத்தம் ஏறாமல் ஆம்பியர் மட்டும் ஏறினால் அந்தத் திசையில் போகாதீர்கள், பாயிண்ட் சீக்கிரம் கருகும். சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டு பெயிண்ட் அல்லது சிலிகான். அதை மறந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும். சில ஹாரன்கள் முழுக்க மூடப்பட்டவை, ஸ்க்ரூவே இருக்காது. அவற்றை மாற்றத்தான் வேண்டும். பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் ஹாரனில் பாசிட்டிவ், நெகட்டிவ் குறி இருக்கும், மாற்றிச் சொருகக் கூடாது.

அறிகுறி: மழையில் நனைந்தால் ஊமை, காய்ந்தால் பேசுகிறது

தண்ணீர் ஹாரனுக்குள் போகிறது, அல்லது கப்ளருக்குள். நத்தை ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா பாருங்கள். மேலே பார்த்து மாட்டியிருந்தால் அது ஹாரன் அல்ல, குவளை. திருப்பி மாட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். வண்டி கழுவும்போது உயரழுத்தத் தண்ணீரை ஹாரனின் முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். கப்ளருக்குள் களிம்பு இருந்தால் சுரண்டிவிட்டு விடாதீர்கள், டெர்மினலையே மாற்றுங்கள். சுரண்டிய செம்பு சில வாரங்களில் மறுபடி பச்சையாகும்.

அறிகுறி: ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அடிக்கிறது, நேராக வைத்தால் இல்லை

கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருண்டு கிடக்கும் தட்டையான ரிப்பன் வயர் அது. திருப்பும்போது சுருங்கியும் விரிந்தும் ஏர்பேக்குக்கும் பொத்தான்களுக்கும் தொடர்பைக் காக்கும். ஹாரனோடு சேர்ந்து ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்களும் நின்றால் சந்தேகமே வேண்டாம். இதை ஒட்டுப்போடக் கூடாது, புதிது போட வேண்டும். போடும்போது நடுநிலையில் வைத்துப் போடாவிட்டால் முதல் முழுத் திருப்பிலேயே ரிப்பன் அறுந்துவிடும். இது வெறும் ஹாரன் பழுது இல்லை. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: அடிக்க ஆரம்பித்தது நிற்கவே இல்லை

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள். காரில் ஹாரன் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள், இருசக்கர வண்டியில் ஹாரன் கப்ளரை உருவுங்கள். நிமிடக்கணக்கில் விடாமல் அடித்தால் காயில் வெந்துவிடும்.

அமைதியானதும் யோசிக்கலாம். பொத்தான் எர்த் கொடுக்கும் ரகம் என்பதால், அந்த வயர் தோல் உரிந்து எங்காவது உலோகத்தில் பட்டாலே வண்டிக்கு அது பொத்தானை அழுத்தியதுதான். ரிலே இருந்த சாக்கெட்டில் 85க்கும் எர்த்துக்கும் ஓம் பாருங்கள். பொத்தானைத் தொடாமலே பூஜ்யம் காட்டினால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது வயர் உரசியிருக்கிறது. திறந்திருந்தால் ரிலேயின் காண்டாக்ட் ஒன்றோடொன்று வெல்டாகி நிற்கிறது. ரிலேயைக் கையில் எடுத்து 30க்கும் 87க்கும் மீட்டர் வைத்தால் கையிலேயே தொடர்பு காட்டும். வெயிலில் நிறுத்திய கார் தானாகக் கத்துகிறது என்றால், ஸ்டீயரிங் நடுவிலுள்ள பேட் சூட்டில் விரிந்து பொத்தானை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அது ஏர்பேக் மூடியும் என்பதால் தெரிந்தவர் கைதான் பட வேண்டும்.

அறிகுறி: அழுத்தியதும் ஃபியூஸ் போகிறது

ஹாரன் கப்ளரைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸ் போட்டு அழுத்துங்கள். ஃபியூஸ் நின்றால் ஹாரனுக்குள் ஷார்ட். மறுபடி போனால் ரிலேக்கும் ஹாரனுக்கும் நடுவில் வயர் எங்கோ உடம்பில் படுகிறது. ரேடியேட்டர் தாங்கி, பம்பர் விளிம்பு, ஹெட்லைட்டுக்குப் பின்புறம் என்று கூரான விளிம்பைக் கடக்கும் இடங்களில் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போடுவதும், செம்பு இழை சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் காப்பது ஹாரனை அல்ல, வயரை. அது போகாவிட்டால் வயர் சிவந்து எரியும்.

அறிகுறி: சத்தமான ஹாரன் மாட்டிய பிறகு சுவிட்ச் அடிக்கடி கருகுகிறது

2 ஆம்பியருக்கு வைத்த சுவிட்சில் 8 ஆம்பியர் ஓடுகிறது, அவ்வளவுதான். இருசக்கர வண்டியில் கார் ஹாரன் மாட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயரையும் புது ரிலேயின் 85, 86க்குக் கொடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, அதை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வைத்து, தடித்த வயரில் 30க்கு. 87இலிருந்து ஹாரனுக்கு, ஹாரனின் மறுமுனை பேட்டரி நெகட்டிவுக்கு. இப்போது சுவிட்சுக்கு ரிலே காயிலின் சுமை மட்டும்தான். பழைய ஹாரன் வயர்களில் ஒன்றைக்கூட வெட்டத் தேவையில்லை, டெர்மினலோடே சொருகிக்கொள்ளலாம்.

மாட்டும் ஹாரனின் சத்த அளவையும் பார்த்து வாங்குங்கள். ஐ.நா.வின் 28ஆம் எண் வாகன விதி, வண்டியில் மாட்டிய ஹாரனுக்கு 7 மீட்டர் முன்னால் 112 டெசிபல் வரை என்று உச்ச எல்லை வைக்கிறது. ஒலி ஒரே சீராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அழுத்தக் காற்றில் ஓடும் ஏர் ஹாரனைச் சின்ன வண்டியில் மாட்டி, பக்கத்தில் சைக்கிளில் போகிறவரைத் திடுக்கிட வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை. மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, மூன்று நிலையிலும் ஒவ்வொரு முறை அடித்துப் பாருங்கள். பிறகு ரிலேயின் மேலும் ஃபியூஸ் கூட்டின் மேலும் விரல் வையுங்கள். இரண்டும் சூடாகாமல் இருந்தால் ஸ்க்ரூக்களை முறுக்கிக் கூட்டை மூடிவிடலாம்.